எங்கள் வீட்டில் பூஸ்டு வாங்குவதில்லை

ஓசூர்,
23-10-2005.

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

மாப்பிள்ளை பாஸ்கரன் வணங்கி எழுதுவது. இவ்விடம் நான், தங்கள் மகள் லாவண்யா, பேத்தி சுப்ரியா மூவரும் சௌக்கியம். படுக்கையறைச் சுவருக்குத்தான் சௌக்கியமில்லை. அருப்புக்கோட்டையில் அத்தையின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். போனிலேயே சொல்லலாம், ஆனால் நான் ஆரம்பிப்பதற்குள் "சரி, வச்சிரவா?" என்பீர்கள். அதனால்தான் கடிதம்.

விஷயம் இதுதான். வீட்டுக்காரர் கங்கப்பன் மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். முடியாது என்று சொல்லிவிட்டேன். சுப்ரியாவின் பள்ளிக்கூடம் அடுத்த தெருவில், கம்பெனி பஸ் வாசலிலேயே நிற்கிறது, இதை விட்டுப் போக நான் என்ன இளிச்சவாயனா?

இந்த வருஷ மழை விடாமல் பெய்ததில் பீரோவுக்குப் பின்னால் சுவரெல்லாம் கறுப்புப் புள்ளி. வாடகை வாங்க வந்த வீட்டுக்காரர் மனைவி சாந்தம்மா அதைப் பார்த்துவிட்டு, "ஏன் சார், எங்கூட்டு செவுரெல்லாம் பூஸ்டு ஏத்தி வெச்சிருக்கீங்க?" என்று சத்தம் போட்டார். பாலில் கலக்கிக் குடிக்கும் பூஸ்டைத்தான் சொல்கிறார், எங்கேயோ வாங்கிச் சுவரில் பூசியது இவள்தான் என்று நினைத்துப் பாவம் சுப்ரியாவை இரண்டு அதட்டு அதட்டினேன், அவள் அழ, லாவண்யா என்னை முறைக்க, நான் சாந்தம்மாவிடம் திரும்பி, "நாங்க காபி குடிக்கிற குடும்பம், அந்த டப்பாவே எங்க வீட்ல கெடையாது, அடுப்படில வந்து பாருங்க" என்றேன். அவரும் வந்தார். எலுமிச்சை ஊறுகாய் ஜாடியைத் திறந்து, மேலே வெள்ளையாகப் படர்ந்திருந்ததைக் காட்டி, "இதா, இதுவும் பூஸ்டு!" என்றார். லாவண்யா தலையில் அடித்துக்கொண்டாள். "ஏங்க, கன்னடத்துல பூசணத்தச் சொல்றாங்க!"

அதற்காக நான் விட்டுவிடுவேனா? இது பூசணமே இல்லை, வெறும் அழுக்கு என்று வாதாடினேன். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரை ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன். அழுக்கென்றால் அப்படியே இருக்கும், பூசணமென்றால் வெளுத்துவிடும். வெளுத்துவிட்டது. கூடவே என் யூனிபார்ம் சட்டையும் வெளுத்துவிட்டது.

சரி, பூசணம்தான், ஆனால் யாரால் வந்தது? கங்கப்பன் என்னைச் சொல்கிறார். ஜன்னலைத் திறப்பதில்லையாம், ஈரத்துணியை வீட்டுக்குள்ளேயே காயப்போடுகிறோமாம், பீரோ சுவரோடு ஒட்டிக் கிடக்கிறதாம். இந்த ஊர்க் குளிரில் ஜன்னலைத் திறந்துவைத்து யார் தூங்குவது மாமா? மழையில் துணியை வேறெங்கே காயப்போடுவது? "உங்க செவுரு கசியுது, அதான்" என்று மாடிப்படியில் நின்று எல்லோரும் கேட்கச் சொன்னேன். அவர் முகம் கறுத்துவிட்டது. கடன் வாங்கிக் கட்டிய வீட்டைக் குறை சொன்னதில்தான் காலி செய்யச் சொன்னார்.

நேற்று சுவரைத் துடைத்துவிட்டு ஒரு பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன். தாளுக்கு அடியில் ஈரம் கோத்திருந்தால் சுவர் கசிகிறது, நான் காலி செய்யமாட்டேன். மேலே, அறைப் பக்கம் ஈரம் இருந்தால் அது எங்கள் வீட்டு ஈரம், நான் காலி செய்துவிட வேண்டும். கங்கப்பனோடு அப்படித்தான் பந்தயம். எப்படியும் அடியில்தான் இருக்கும். இருந்தாலும் ஓவர்சியராக இருந்து ரிட்டயரான தாங்கள் உடனே புறப்பட்டு வந்து, சுவரைத் தட்டிப் பார்த்து, "கசிவு" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். வேறு யார் சொன்னாலும் இவர்கள் கேட்கமாட்டார்கள்.

அத்தைக்கு என் நமஸ்காரம். தங்கள் இருவர் ஆசியும் சுவர் உட்பட எங்கள் எல்லோருக்கும் வேண்டும்.

இப்படிக்கு,
எவருக்கும் பணியாத மாப்பிள்ளை,
பாஸ்கரன்.

பி.கு.: மாமா, புறப்பட வேண்டாம். கடிதத்தைத் தபாலில் போடுவதற்குள், இன்று காலை எல்லோர் முன்னிலையிலும் பார்த்தோம். தாளின் மேல்தான் முத்து முத்தாகத் தண்ணீர், அடியில் சுவர் காய்ந்து கிடந்தது. தன் வீடு கசியவில்லை என்ற சந்தோஷத்தில் கங்கப்பன் என்னைக் கட்டிப்பிடித்து, "காலியும் வேணாம், ஒண்ணும் வேணாம், ஜன்னல மட்டும் தெறந்து வையி சார்" என்று கண் கலங்கிவிட்டார். வரும் ஞாயிற்றுக்கிழமை நான்தான் சுண்ணாம்பு அடிக்கிறேன். ஆனால் பாலிதீனை உள்வெளி மாற்றி ஒட்டிவிட்டேன், அதனால்தான் இந்த முடிவு என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். யாராவது போனில் கேட்டால் தாங்களும் அப்படியே சொல்லிவிட்டு, உடனே வைத்துவிடவும்.