வக்கீல் கவுனில் நான் வாங்காத பட்டம்

பட்டமே வாங்காமல் ஒரு முன்னாள் மாணவர் சங்கத்துக்குச் செயலாளராக இருந்தவன் நான். இன்று இதைச் சிரித்துக்கொண்டே எழுதுகிறேன். அன்று விஷயம் வெளியே வந்தபோது, செண்பகத்தோப்பு மலைக்குள் ஓடிப்போய் யானைகளோடு குடித்தனம் நடத்தலாமா என்றுதான் யோசித்தேன். (யானைகள் டிகிரி கேட்காது.)

நான் ஒன்றும் கல்லூரி வாசலை மிதிக்காதவன் இல்லை. பி.எஸ்சி. கணிதம், மூன்று வருடம் முழுசாகப் போனேன். எல்லாத் தாளும் தேறினேன், ரியல் அனாலிசிஸ் என்ற ஒன்றைத் தவிர. அந்த விடைத்தாளைத் திருத்திய புண்ணியவான் பதினோரு மதிப்பெண் போட்டிருந்தார். நான் எழுதியிருந்ததற்கு அதுவே தாராளம். பிளஸ் டூ சான்றிதழைக் காட்டி ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸில் கிளார்க் ஆனேன். அந்த வேலைக்கு டிகிரி தேவைப்படவில்லை. கல்யாணத்துக்குத்தான் தேவைப்பட்டது.

என் மாமனார் செட்டியார்பட்டியில் விசைத்தறி போட்டு பேண்டேஜ் துணி நெய்தவர். தான் ஐந்தாம் வகுப்போடு நின்றவர் என்பதால், மாப்பிள்ளை பட்டதாரியாக இருந்தே தீர வேண்டும் என்பது அவருடைய ஒரே நிபந்தனை. என் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒரு தாள்தானலே? கல்யாணத்துக்குள்ள எழுதிருவேல்ல? பி.எஸ்சி.ன்னே போட்டுருதேன்" என்றார். நான் தலையாட்டினேன். பத்திரிகையில் 'செல்வன் மாடசாமி, பி.எஸ்சி.' என்று தங்க நிற எழுத்தில் அச்சாகி வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு முறை எழுதினேன், போச்சு. கல்யாணமான பிறகு, நண்பன் கல்யாணம் என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டுப் போய் இன்னொரு முறை எழுதினேன், அதுவும் போச்சு. தாலி கட்டியான பிறகு பரீட்சைக்கு எப்படிப் படிப்பது? ஏற்கெனவே பி.எஸ்சி. முடித்தவன் வீட்டில் உட்கார்ந்து பி.எஸ்சி. புத்தகத்தைப் புரட்டினால் பொண்டாட்டி கேட்க மாட்டாளா?

கல்யாணமான மூன்றாம் நாள் என் மனைவி வடிவு ஒரு விஷயம் சொன்னாள். பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கி, கல்லூரி விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து பெட்டிக்குள் வைத்திருந்தாளாம். அந்த நேரத்தில்தான் என் ஜாதகம் போயிருக்கிறது. "பட்டதாரி மாப்பிள்ளையே வருதாரு, இனி ஒனக்கு எதுக்குட்டி காலேஜு?" என்று மாமனார் நிறுத்திவிட்டார். அவள் இதைக் குறையாகச் சொல்லவில்லை, வேடிக்கைபோலத்தான் சொன்னாள். என்னிடம் இல்லாத பட்டம் ஒன்று அவள் வாங்கியிருக்க வேண்டிய பட்டத்தையும் சேர்த்து விழுங்கியிருந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அந்தக் கல்யாணத்துக்கு வந்தவர்களில் ஒருவர்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் பெயர் பெற்ற வக்கீல் அண்ணாச்சி. எங்கள் பல்கலைக்கழகத்தின் முன்னாள் மாணவர் சங்கத் தலைவர். பத்திரிகையில் பி.எஸ்சி.யைப் பார்த்தவர், மறுவாரமே உறுப்பினராகச் சேரச் சொல்லி கார்டு போட்டார். சான்றிதழ் யாரும் கேட்கவில்லை. (கோர்ட்டில் எதிர்த்தரப்பின் ஒவ்வொரு தாளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பவர், என் கல்யாணப் பத்திரிகையை மட்டும் அப்படியே நம்பிவிட்டார்.) ஆறே மாதத்தில் என்னைச் செயலாளராக்கினார்கள். காரணம் என் திறமை இல்லை, கையெழுத்து. அறுபது கார்டுகளைக் கை வலிக்காமல் எழுதக்கூடிய ஆள் அவர்களுக்கு வெகுகாலமாகக் கிடைக்கவில்லை.

சங்கத்தின் முக்கியமான பிரச்சினை அதன் பெயர். ராஜபாளையம் முதலில் வர வேண்டுமா, ஸ்ரீவில்லிபுத்தூர் முதலில் வர வேண்டுமா என்று நாலு கூட்டம் சண்டை போட்டு, கடைசியில் இரண்டு ரப்பர் ஸ்டாம்ப் செய்தார்கள். எந்த ஊருக்குக் கடிதம் போகிறதோ அந்த ஊர் முதலில் வரும் ஸ்டாம்பைக் குத்த வேண்டும். மாற்றிக் குத்தினால் கடிதம் திரும்பி வரும். மற்றபடி ரத்ததானம், பள்ளிப் பிள்ளைகளுக்கு வினாடி வினா, வருடத்துக்கு ஒருமுறை குடும்ப விழா என்று நல்ல காரியங்கள்தான். அந்த மனிதர்கள் நடுவே இருப்பது எனக்குப் பிடித்திருந்தது, உள்ளுக்குள் முள் குத்திக்கொண்டிருந்தபோதும்.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது எப்படி என்று கேட்டால் என்னிடம் வரலாம். அந்த வருடக் குடும்ப விழாவுக்கு நானே ஒரு யோசனை சொன்னேன். எங்கள் உறுப்பினர்களில் பலர் பட்டமளிப்பு விழாவுக்குப் போகாதவர்கள். அவர்களுடைய பட்டங்கள் பல்கலைக்கழகத்திலேயே கிடந்தன. அங்கிருந்து ஓர் அதிகாரியை வரவழைத்து, அவற்றை நம் விழா மேடையிலேயே கொடுத்தால் என்ன? எல்லோரும் கைதட்டினார்கள். அதிகாரியும் வரச் சம்மதித்தார். பத்துப் பேர் கொண்ட பட்டியலை முத்துமுத்தாக எழுதி, துணைச் செயலாளர் ராமராஜுவிடம் தபாலில் சேர்க்கச் சொல்லிக் கொடுத்தேன். மருமகனின் செல்வாக்கைப் பார்க்கட்டும் என்று மாமனாரையும் விழாவுக்கு அழைத்தேன்.

ராமராஜு என் வயசுக்காரன், எம்.எஸ்சி. படித்துவிட்டுப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவன். தங்கமான மனசு. அந்த மனசுதான் என்னைக் கொன்றது. "ஒன் டிகிரிய வாங்கிட்டியா?" என்று எப்போதோ அவன் கேட்டபோது, "எங்க, போய் வாங்க நேரமே இல்லப்பா" என்று சமாளித்திருந்தேன். அதை அவன் ஞாபகம் வைத்துக்கொண்டு, அடக்கத்தால்தான் என் பெயரை எழுதவில்லை என்று முடிவு செய்து, பதினோராவதாக என்னைச் சேர்த்து அனுப்பிவிட்டான். எனக்கு இன்ப அதிர்ச்சி கொடுக்கப் போகிறானாம்.

செண்பகத்தோப்பில் ஒரு மாந்தோப்பு. ஜமுக்காளம் விரித்து, மேடை போட்டு மேலே ஒரு லாரிப் படுதா கட்டி, மைக் செட் வைத்து, ஒரு பக்கம் சமையல், ஒரு பக்கம் பிள்ளைகளின் ஓட்டம். பட்டம் வாங்குகிறவர் கறுப்புக் கவுன் போட்டிருந்தால்தான் போட்டோவுக்கு நன்றாக இருக்கும் என்று வடக்கத்தி உறுப்பினர் யாரோ சொல்லப்போக, கவுனுக்கு எங்கே போவது என்று திகைத்தோம். வக்கீல் அண்ணாச்சி தன் கோர்ட் கவுனையே கொண்டுவந்துவிட்டார். பத்துப் பேருக்கும் ஒரே கவுன். ஒருவர் கழற்ற, அந்த வியர்வை காயுமுன் அடுத்தவர் மாட்ட வேண்டும். ஒவ்வொருவரும் குடும்பத்தை மேடைக்கு அழைத்து, போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். நான் மைக்கில் பெயர் வாசித்தேன். கீழே மாமா பக்கத்தில் இருந்தவரிடம், "மைக்குல பேசுதது நம்ம மருமவன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பத்தாவது ஆள் இறங்கியதும் ராமராஜு பாய்ந்து வந்து மைக்கைப் பிடுங்கினான். "இப்ப பதினோராவது பட்டம்! நம்ம செயலாளர் மாடசாமி! குடும்பத்தோட மேடைக்கு வரணும்!"

மறுத்துப் பேசுவதற்குள் இரண்டு பேர் கவுனை என் தோளில் மாட்டிவிட்டார்கள். வக்கீல் அண்ணாச்சி ஆறடி. நான் ஐந்தேகால். பாதிக் கவுன் தரையில் கிடந்தது. வடிவு வெட்கத்தோடு வந்து வலப்பக்கம் நின்றாள். மாமா மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு இடப்பக்கம் நின்றார். போட்டோக்காரர் ஒரு கண்ணை மூடிக்கொண்டார்.

அதிகாரி நல்ல மனிதர். என்னைத் தனியாகப் பார்த்துச் சொல்லலாம் என்று காலையிலிருந்தே காத்திருந்தாராம். நான்தான் அவருக்கு இளநீர் கொடுப்பதிலேயே மும்முரமாக இருந்துவிட்டேன். இப்போது பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, ரொம்ப மெதுவாக, "தம்பி, உங்களுக்கு டிகிரி இன்னும் வரல. ஒரு தாள் நிக்குது. அலைய வேண்டாமேன்னு பரீட்சை விண்ணப்பத்தைக் கையோட கொண்டாந்தேன்" என்றார். மைக் ராமராஜுவின் கையில், எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது. மாந்தோப்பு முழுக்கக் கேட்டது. சமையல்காரர்கூடக் கரண்டியை நிறுத்திவிட்டார்.

"என்ன மருமவனே?" என்றார் மாமா. "அவிய என்ன சொல்லுதாவ? பத்திரிகையில போட்டிருந்துச்சே?"

நான் கவுனுக்குள் முடிந்த அளவு சுருங்கினேன். "ஒரு பேப்பர் போயிருச்சு மாமா. கல்யாணத்துக்கு முன்னாலயே. சொல்லாம விட்டுட்டேன்" என்றேன். அதுவும் மைக்கில் கேட்டது. ராமராஜுவுக்கு மைக்கைக் கீழே இறக்க வேண்டும் என்றே தோன்றவில்லை. அவன் என்னைவிட அதிர்ந்து போயிருந்தான்.

மாமாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. வடிவு முகத்தைத்தான் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. அதிகாரியின் கையிலிருந்த விண்ணப்பத்தை வாங்கினாள், முன்னும் பின்னும் படித்தாள். பிறகு கேட்டாள்:

"சார், இதுக்குக் கடைசித் தேதி என்னைக்கு?"

முதலில் சிரித்தது யார் என்று தெரியாது. அடுத்த நொடி தோப்பே சிரித்தது. கேலிச் சிரிப்பு இல்லை, மூச்சு விட்ட சிரிப்பு. பத்துப் பேருக்கும் விழாத கைதட்டல் அந்தப் பூர்த்தி செய்யாத விண்ணப்பத்துக்கு விழுந்தது. போட்டோக்காரர் அந்த நேரம் பார்த்து பட்டனை அமுக்கிவிட்டார். என் வாழ்நாளில் நான் அவ்வளவு அசிங்கமாக விழுந்த படம் வேறில்லை.

நான் கீழே இறங்கி, கவுனைக்கூடக் கழற்றாமல், வக்கீல் அண்ணாச்சியிடம் ராஜினாமா செய்கிறேன் என்றேன். அவர் பால்கோவா தின்றுகொண்டிருந்தார்.

"ராஜினாமாவா? பொறவு கார்டு யாரு எழுதுவா? நானா?" என்றார். "வே, இந்தத் தோப்புல கேட்டுப் பாரும், அரியர் வைக்காதவன் எத்தன பேருன்னு. நான் பி.எல். முடிக்க ஆறு வருசம். பரீட்சைய எழுதும், செயலாளராவும் இரும். கவுன மட்டும் குடுத்துரும், நாளைக்குக் கேஸ் இருக்கு."

பந்தி போடும்போதுதான் பெரிய சண்டை நடந்தது. வடிவு அதிகாரியிடம் போய், அஞ்சல் வழியில் பி.ஏ. படிக்க விண்ணப்பம் எப்படி வாங்குவது என்று கேட்டுக்கொண்டிருந்தாள். மாமா பின்னாலேயே போய், "ஏட்டி, ஒனக்கு எதுக்கு இப்ப இதெல்லாம்?" என்றார்.

வடிவு திரும்பினாள். "பி.எஸ்சி. மாப்பிள்ள வருதாருன்னுதான என்னைய நிறுத்துனிய? அந்த பி.எஸ்சி.தான் இல்லைன்னு ஆயிப்போச்சே. இனி நிறுத்த என்னப்பா காரணம்?"

பேண்டேஜ் துணி வியாபாரத்தில் எத்தனையோ பேரை மடக்கிய மனிதர், நேராக இலை முன்னால் போய் உட்கார்ந்தார். என்னிடம் இரண்டு மாதம் பேசவில்லை. அவர் அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். நான் செய்த காரியம் அப்படி.

வீட்டில் வடிவு ஒரே ஒரு முறைதான் அழுதாள். "என்கிட்ட மட்டுமாவது சொல்லிருக்கலாம்ல?" என்றாள். மறுநாள் காலையில் ஒரு மேசை வாங்கி வரச் சொன்னாள். மேசையின் இந்தப் பக்கம் அவளுடைய வரலாறு, அந்தப் பக்கம் என்னுடைய ரியல் அனாலிசிஸ். ராமராஜு குற்ற உணர்ச்சியில் ஞாயிறு தவறாமல் வந்து எனக்குப் பாடம் நடத்தினான். "ஏமிரா, இதுகூடவா வரல?" என்று தன் வீட்டுத் தெலுங்கில் சொல்லித் தலையில் அடித்துக்கொள்வான். அவன் நடத்தும்போது எல்லாம் புரியும், அவன் சைக்கிள் தெருமுனை திரும்பியதும் எல்லாம் போய்விடும். சங்கத்தில் ஆளுக்கொரு பழைய நோட்டு கொடுத்தார்கள். ஒரு கூட்டத்தில் என் ரிசல்ட்டை நிகழ்ச்சி நிரலிலேயே சேர்த்துவிட்டார்கள். நிரலை எழுதியதும் நான்தான்.

வடிவு வருடத்துக்கு வருடம் ஒரே மூச்சில் தேறினாள். நான் வருடத்துக்கு இரண்டு முறை போனேன். மூன்று வருடத்தில் அவள் பி.ஏ. முடித்து, சங்கத்திலும் உறுப்பினரானாள். நான் அதற்கு அடுத்த வருடம், தேற வேண்டியதைவிடச் சரியாக ஒரு மார்க் அதிகமாக வாங்கித் தப்பித்தேன்.

அப்போதுதான் சங்கத்து வழக்கம் என்னைப் பிடித்தது. எங்கள் குடும்ப விழாவில் பட்டம் பெற்ற வருடப்படிதான் மரியாதை. முந்தி தேறிய சீனியர்கள் பந்தியில் உட்கார, பிந்திய ஜூனியர்கள் பரிமாற வேண்டும். மில் முதலாளியே ஆனாலும் தன் கணக்கப்பிள்ளை முந்திய வருடம் என்றால் வாளியைத் தூக்கித்தான் ஆக வேண்டும். நான் முழு உறுப்பினனாக நின்ற முதல் விழாவில், வடிவு முதல் பந்தியில் உட்கார்ந்தாள். நான் சாம்பார் வாளியோடு நின்றேன். அவள் பக்கத்தில் மாமா விருந்தாளி. மகளின் பட்டத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மடியிலேயே வைத்திருந்தார். அழுதிருந்தார் என்பது கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. நான் போன பிறவியில் ஏதோ நல்லது செய்திருக்க வேண்டும், இவர்கள் யாரும் என்னைத் தூக்கி எறியவில்லை.

இன்று என் மகன்கூட வீட்டில் என்னை அப்பா என்று கூப்பிடுவதைக் குறைத்துக்கொண்டுவிட்டான். யாருக்குத் தண்ணீர் வேண்டுமானாலும் "ஜூனியர்!" என்ற குரல்தான் வரும். நான் எழுந்து போகிறேன். அதற்கு முதல் காரணம் மாமா. அன்று பந்தியில், நான் ஒரு கரண்டி ஊற்றிவிட்டு நகரப் பார்த்தபோது, அவர் வாளியின் காதைப் பிடித்து நிறுத்தினார்.

"மருமவனே, செத்த நில்லுங்க. சீனியருக்கு முதல்ல என்ன வேணும்னு கேளுங்க. நாமதான் ரெண்டு பேரும் அன்னைக்கு அவகிட்ட கேக்காம விட்டுட்டோம்."