வியாழக்கிழமை சிதம்பரத்துக்கு வராதீர்கள்

கடலூர், ஞாயிறு

மதிப்புக்குரிய மச்சான் பழனிவேல் அவர்களுக்கு, தங்கள் தங்கை புருஷன் ராமாமிர்தம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு என்னைத் தவிர அனைவரும் நலம். திருவதிகையில் அக்காவும் பிள்ளைகளும் சௌக்கியம்தானே?

சிப்காட்டில் ரிடையர் ஆனதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை என்று மகள் பவானி என்னை ஒரு கவுன்சிலிங் மேடத்திடம் சேர்த்துவிட்டாள். பெயர் சிந்துஜா. கடலூரில் போனால் தெரிந்தவர்கள் பார்ப்பார்கள் என்பதால் சிதம்பரம். நான் பேசப் பேச, தலையை லேசாகச் சாய்த்துக்கொண்டு கேட்பார். இத்தனை வருஷத்தில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை, உங்கள் தங்கை உட்பட. தூக்கம் எப்போதோ வந்துவிட்டது மச்சான், நான்தான் சொல்லவில்லை. சொன்னால் இனி வர வேண்டாம் என்றுவிடுவாரே!

நீங்கள் அனுப்பிய பலாப்பழத்தை வீட்டில் வெட்டவிடாமல், பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன். "யார்கிட்டயும் எதுவும் வாங்கறதில்ல சார்" என்றார். கெஞ்சிக் கூத்தாடிக் கொடுத்தேன். பேசி முடித்து வெளியே வந்தால், காத்திருந்த அத்தனை பேர் கையிலும் சுளை! டோக்கன் போடும் ஆரோக்கியம்மாள் என்னிடமே தட்டை நீட்டி, "எடுத்துக்குங்க சார், யாரோ பேஷண்ட் கொண்டாந்தாங்களாம், மேடம் எல்லாருக்கும் குடுக்கச் சொன்னாங்க" என்றார். யாரோ பேஷண்ட்! வெட்கங்கெட்டுப் போய் நானும் ரெண்டு சுளை தின்றேன். கதவிடுக்கில் பார்த்தால், அடுத்த ஆளுக்கும் மேடம் அதே மாதிரி தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த வயிற்றெரிச்சலில் அடுத்த வாரம், "எங்க மச்சான் என்னைப் படுத்தாத பாடு படுத்துறாரு மேடம், பவானி காதுகுத்துல பந்தியிலேர்ந்து எழுப்பி உட்டாரு" என்று அவிழ்த்துவிட்டேன். மேடம் முதல் தடவையாகப் பேனாவை எடுத்து எழுதினார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எழுதி முடித்துவிட்டு, "வர்ற வியாழக்கெழம அவரையும் கூட்டியாங்க சார், மூணு பேருமா பேசலாம்" என்றார்.

அந்தப் பந்தியில் எனக்கு ரெண்டாவது தடவை பாயசம் ஊற்றச் சொன்னவரே நீங்கள்தான். நினைத்தால் கூசுகிறது மச்சான். யார் கூப்பிட்டாலும் தயவுசெய்து வராதீர்கள். நானே போய், சொன்னதெல்லாம் பொய், தூக்கமும் நன்றாக வருகிறது என்று ஒப்புக்கொண்டு, அத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். நீங்களும் என்னை மன்னிக்க வேண்டும்.

அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள். திருவந்திபுரம் பெருமாள் உங்கள் குடும்பத்தைக் காக்கட்டும். இந்த மாதம் என் பக்கம் அவர் திரும்பாமலிருந்தாலும் சரிதான்.

இப்படிக்கு,
தலைகுனிந்து,
ராமாமிர்தம்

பின்குறிப்பு: தபாலில் போடக் கிளம்பும்போது மேடமே போன் செய்தார். "ரெண்டு நாளா உங்களப் பத்தித்தான் சார் யோசிச்சிட்டிருக்கேன்" என்றார். ரெண்டு நாளாக மச்சான்! ஆகையால் வியாழக்கிழமை காலை அவசியம் வந்துவிடுங்கள். மீசையைக் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்தால் போதும், பேச்சை நான் பார்த்துக்கொள்கிறேன். பழம் கிழம் கொண்டுவந்துவிடாதீர்கள், உங்களை நல்லவர் என்று நினைத்துவிடப் போகிறார்.