மண்டோர் புல் வெட்டிய சனிக்கிழமை

அந்த ஞாயிற்றுக்கிழமை கட்டிலை விட்டு இறங்குவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். சிரம்பான் பசாரில் வாங்கின கயிற்றுக் கட்டில். தோட்டத்து வீட்டு வரிசையான லயமே தீப்பிடித்தாலும் என்னைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போகட்டும்.

நான் தோட்டத்தில் புல்வெட்டு மண்டோர். ரப்பர் மரங்களுக்கு நடுவே பெண்கள் லாலாங் புல் வெட்டுவார்கள். நான் வெட்டச் சொல்லுவேன். காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டதும் ஒரு தரம் சொல்லுவேன். சாயங்காலம் இன்னொரு தரம். நடுவில் மரத்தடியில் பாயை விரித்து, எப்படிச் சொல்வது என்று கண்ணை மூடி யோசிப்பேன். வாரம் பூராவும் இப்படி யோசித்தால் உடம்பு என்னத்துக்கு ஆகும்?

"ஞாயித்துக்கெழமை வெறகு பொளக்கணும்," என்றாள் என் மனைவி ராக்கம்மா. அவள் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கிறவள். மத்தியானத்தோடு வேலை முடிந்துவிடும்.

"ஏ புள்ள, வாரமெல்லாம் மாடா ஒழைக்கிறேன். ஒரு நா படுக்கப்படாதா?"

"ஒழைக்கிறீங்களா? நான் பாத்ததே இல்லியே."

"சனிக்கெழமை பால ஊத்திட்டு நேரா புல்லுக்காட்டுக்கு வா. நான் ஒழைக்கிறத பாத்துட்டா, ஞாயித்துக்கெழமை என்னைய எழுப்பப்படாது."

"சரிங்க."

அவள் இவ்வளவு சீக்கிரம் சரி சொல்லி நான் கேட்டதில்லை. அப்போதே சுதாரித்திருக்க வேண்டும். சந்தோஷத்தில் இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னேன்.

சனிக்கிழமை. தூரத்தில் ராக்கம்மா தலை தெரிந்ததும் பாயைச் சுருட்டினேன். பக்கத்தில் நின்ற மாரியம்மாவின் மண்வெட்டியைப் பிடுங்கி வெட்ட ஆரம்பித்தேன். பெண்கள் வாய் பிளந்து நின்றார்கள்.

"மண்டோருக்குக் காச்சலோ என்னவோ."

"காச்சல்னா படுத்தில்ல இருப்பாரு?"

"தெனம் படுத்துத்தானே இருந்தாரு. இன்னிக்குத்தான் கொணமாயிருக்கு போல."

மண்டோரே வெட்டுகிறார், நமக்கென்ன என்று ஒவ்வொருத்தியாக உட்கார்ந்துவிட்டார்கள். ராக்கம்மா என் பாயை விரித்து வெற்றிலை மடித்தாள். எனக்குக் கை கொப்பளித்தது.

"அந்த மூலையில கொஞ்சம் விட்டுட்டீங்க," என்று பாயிலிருந்து காட்டினாள். அதையும் வெட்டினேன்.

அந்த நேரம் பார்த்து தோட்டத்துத் தொரை குதிரையில் வந்து நின்றார். பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், மண்டோர் குனிந்திருக்கிறான்.

"என்னா இது?"

என் வேலை போச்சு என்று நினைத்தேன். ராக்கம்மா எழுந்து கும்பிட்டாள்.

"தொரைங்களே, எங்க வீட்டுக்காரரு எப்படி வெட்டணும்னு இவங்களுக்குக் காட்டிக்குடுக்கிறாரு. புல்லக் கண்டா அவருக்குக் கை நிக்காது. ஞாயித்துக்கெழமை லீவு விடுறாங்களேன்னு ஒரே வருத்தம்."

தொரை என்னைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் வருத்தமாக முகத்தை வைத்துக்கொண்டேன்.

"நல்ல மண்டோர். நாளைக்கு பங்களாவுக்கு வா. அங்க நெறைய புல்லு."

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன்: "சனிக்கெழமை மத்தியானம் தொரை வரவே மாட்டாரே?"

"இந்த வாரம் வருவாருன்னு ஸ்டோர்ல கணக்குக் கிராணி முந்தியே சொல்லிட்டாருங்க."

பங்களாப் புல் பிடுங்க ஞாயிறுதோறும் லயத்துப் பெண் ஒருத்தி முறை வைத்துப் போவது வழக்கம்.

"நாளைக்கு யாரு மொறை?"

"எம் மொறைதாங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை மண்வெட்டியோடு கிளம்பினேன். கட்டிலில் ராக்கம்மா இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள்.

"போறப்ப கதவச் சாத்திட்டுப் போங்க," என்றாள், கண்ணைத் திறக்காமல். "வெளிச்சம் படுது."