சஹனுக்கு முந்திய அரை மணித்தியாலம்

கற்பிட்டியில் பிறந்த வயிற்றைச் சுடக்கூடிய தீ இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை என்பது கருவாட்டு வியாபாரி முபாறக்கின் அசைக்க முடியாத கொள்கை. மகள் இல்மாவின் நிக்காஹ் முடிந்த கையோடு, ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் சாப்பிடும் சஹனுக்குச் சம்மணமிட்டபடி, எத்தாளையிலிருந்து வந்த புதுச் சம்மந்தி நஜாத்துக்கு அதை விளக்கிக்கொண்டிருந்தார்.

"எங்கட குடும்பத்துல கெஸ்ரைட்டிஸ் எண்ட சொல்லே இல்ல சம்மந்தி. இந்தா, பொண்சாதி பக்கத்து மச்சான் சரீபைப் பாருங்க. கல்யாண வீட்டுக்கும் சட்டைப் பைக்குள்ள பிஸ்கட்டோட வாற மனுசன்!"

"வயிற்றைக் காயப் போட வேணாம் எண்டு டொக்டர் சொன்னவர் மச்சான்" என்றார் சரீப்.

"பிஸ்கட் திண்ணுற குடும்பம் எண்டா நான் பொண்ணே குடுத்திருக்க மாட்டன்."

"மாஷா அல்லாஹ்" என்றார் சம்மந்தி.

முபாறக் நாலு வருடமாக வயிற்றெரிவுக்கு இரகசியமாக மருந்துக் குளிசை போடுகிற விசயம் சம்மந்திக்குத் தெரியாது. தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்த டொக்டர், "இரைப்பைக்குள்ள தோல் புண்ணாகிக் கிடக்கு. சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முந்திப் போடுங்க. சுகம் எண்டு நீங்களா நிப்பாட்டாதீங்க" என்று சொல்லியிருந்தார். கல்யாணப் பரபரப்பில் இன்று மறந்துபோனது. நெய்ச்சோற்று வாசம் வந்ததும்தான் நினைவு வந்தது.

சாப்பிட்டால் சம்மந்திக்கு முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுருள வேண்டும். சாப்பிடாவிட்டால் பேசிய பேச்சைச் சுருட்ட வேண்டும்.

"கை கழுவிட்டு வாறன்" என்று எழுந்தார். குசினிக்குப் பின்னால் குளிசையை விழுங்கிவிட்டு, சமையல்கார அஹமட்டின் காதில் சொன்னார்: "தம்பி, எங்கட சஹனை மட்டும் அரை மணித்தியாலம் பிந்திக் கொண்டா. மூச்சு விடாத."

அவர் வந்து இருந்ததும் சம்மந்தி கை கழுவப் போனார். பிறகு நிக்காஹ் ஓதிய மவுலவி. பிறகு மற்றவர்கள். மிகச் சுத்தமான சஹன்.

அரை மணித்தியாலம் போனது. சோறு வரவில்லை. வெறும் வயிறு புகைந்தது. அணைக்கலாமென்று சர்பத் குடித்தார். தேசிக்காய்ப் புளி பட்டு, புகைந்தது பற்றிக்கொண்டது. அதற்கு மேலே சோடாவை ஊற்றினார். ஏப்பம் நேரே சம்மந்தியின் முகத்தில் போய் வெடித்தது.

"சாப்பிட முந்தியே ஏப்பமா?"

"இது பசி ஏப்பம் சம்மந்தி. எங்கட பரம்பரைக்கு அப்பிடித்தான்."

பரம்பரையை நிரூபிக்க அச்சாறில் ஒரு பிடி எடுத்து வாயில் போட்டார். கண்கள் இரண்டும் நிரம்பி வழிந்தன. மகளைப் பிரிகிற தகப்பனின் கண்ணீர் என்று நினைத்த சம்மந்தி, தோளில் தட்டிக்கொடுத்தார்.

பக்கத்துச் சஹன்களில் எலும்புதான் மிஞ்சியிருந்தது. கடைசி இனிப்பான வட்டிலாப்பமும் முடிந்து ஆட்கள் செருப்புத் தேடினார்கள். உலகத்தில் இனி எதையும் எதிர்பார்ப்பதில்லை என்ற முடிவுக்கு முபாறக் வந்தார். சரீபின் முகத்தைப் பார்க்காமல், விரித்திருந்த துணிக்குக் கீழால் கையை நீட்டினார். சரீபும் பார்க்காமல் அதில் ஒரு பிஸ்கட்டை வைத்தார்.

அதைச் சத்தமில்லாமல் சவைத்தபடி குசினிக்குப் போனார்.

"அரை மணித்தியாலம் எண்டுதானே சொன்னன் அஹமட்?"

அஹமட் சட்டி மூடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"உங்கட அரை எப்பவோ முடிஞ்சிது நானா. பொறகு சம்மந்தி குளிசை போட்டுட்டு வந்து ஒரு அரை கேட்டார், உங்கட சஹன்ல மத்தவங்களும் ஒவ்வொருத்தரா வந்து கேட்டாங்க. இப்ப மவுலவிட அரைதான் ஓடுது."