மாடியறைக்கு நெட் கொண்டுவந்தவர்

தெருவுக்கு ஒருவர் நிச்சயம். உங்கள் தெருவில் யார் என்று தேட வேண்டியதில்லை. நெட் நின்றுபோகட்டும், தானே தெரிவார். வீட்டில் ஒரு பொருள் கெட்டுப்போனால் மற்றவர்களுக்கு எரிச்சல் வரும். இவருக்கு முகம் மலரும். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொள்வார், மேஜையின் இழுப்பறையைச் சத்தத்தோடு திறப்பார், ஸ்க்ரூடிரைவரை வெளிச்சத்தில் பிடித்து ஒரு முறை பார்ப்பார். இவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் கழற்றிமாட்டியார்.

கழற்றிமாட்டியார் ஆள் வைத்து வேலை வாங்குவதில்லை. மெக்கானிக்கைக் கூப்பிடுவது அவருக்குத் தோல்வி. ஓடாத மின்விசிறிக்குக் கீழே ஒரு கோடை முழுக்க உட்கார்ந்திருப்பது தோல்வி இல்லை. இத்தனைக்கும் நான் சொல்லப்போகிறவர் இன்சூரன்ஸ் ஆபீஸில் இருப்பவர். அங்கே ஒரு பல்பை மாற்றக்கூட மூன்று பேரிடம் கையெழுத்து வாங்காமல் நகரமாட்டார். ஆபீஸ் வாசலைத் தாண்டினால் யாரிடமும் எதுவும் கேட்கமாட்டார்.

அவருடைய சாதனையைச் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் அவர் சொல்லிவிடுவார். தெருவிலிருந்து தனிக் கேபிளில் வரும் நெட், ஹாலில் இருக்கும் ரூட்டர் வரை நன்றாகவே வரும். சுவர்கள் கனமானவை என்பதால் மாடியறைக்கு மட்டும் எட்டாது. வேறொருவர் என்றால் புதிதாகக் கேபிள் இழுத்திருப்பார். இவர் யோசித்தார். வீடு கட்டியபோதே எல்லா அறைக்கும் சுவருக்குள் டெலிபோன் ஒயர் போட்டிருந்தார்கள். ஹாலில் ஒரு சாக்கெட், அங்கிருந்து சமையலறையில் ஒன்று, அங்கிருந்து மாடியறையில் ஒன்று. போன் ஹாலில் மட்டும்தான் இருந்தது, மீதி ஒயர் சும்மா கிடந்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய இரண்டு பெட்டிகள் வாங்கினார். ஒன்றை ரூட்டருக்குப் பக்கத்தில் மாட்டினார், இன்னொன்றை மாடியில் மாட்டினார். டெலிபோன் ஒயர் வழியாகவே நெட் மாடி ஏறிவிட்டது.

"சுவத்துல ஒரு ஓட்டை போடல!" என்பது அன்றிலிருந்து அவர் வீட்டின் வரவேற்புரை. கல்யாணத்துக்கு அழைக்க வந்தவர்களைக்கூடப் பத்திரிகையோடு மாடிக்கு அழைத்துப்போய் ஒரு பச்சை விளக்கைக் காட்டி அனுப்பினார்.

நியாயமாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அது நல்ல யோசனை. எட்டு மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. இந்த வகை மனிதர்களின் ஆபத்தே அதுதான். எப்போதாவது ஒரு முறை ஜெயித்துவிடுகிறார்கள்.

ஒன்பதாவது மாதம், ஒரு வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு மாடியில் பச்சை விளக்கு அணைந்தது. நான்கு மணிக்கு மகளுக்கு இன்டர்வியூ. படித்து முடித்து ஒன்றரை வருடமாக வேலை தேடுகிற பெண். லிஃப்ட் பராமரிக்கிற ஒரு கம்பெனியில் எழுத்துத் தேர்வு தாண்டி, இரண்டு சுற்று தாண்டி, கடைசிச் சுற்றுக்கு வந்திருந்தாள். வீடியோவில் பேச வேண்டும், தான் வரைந்த படங்களைத் திரையில் காட்ட வேண்டும். படங்கள் எல்லாம் மாடியறையில் இருக்கும் பெரிய கம்ப்யூட்டருக்குள். கைபேசியை நம்பலாம் என்றால், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றால்தான் அந்த வீட்டில் சிக்னல் இரண்டு கோடு காட்டும்.

"அப்பா, நெட் போயிடுச்சு."

பேப்பரை மடித்து வைத்தார். கண்ணில் ஒரு ஒளி.

"யாரு தொட்டீங்க?"

"யாரும் தொடலப்பா."

"தொடாம எப்படிப் போகும்? நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு?"

உலகத்தில் கெட்டுப்போன ஒவ்வொரு பொருளும் அதற்கு முந்தைய நாள் வரை நன்றாகத்தான் இருந்தது. கழற்றிமாட்டியாருக்கு மட்டும் இது ஒவ்வொரு தடவையும் புதுச் செய்தி.

"அப்பா, நாலு மணிக்கு இன்டர்வியூ. சிஸ்டத்தைக் கீழ கொண்டுவந்து நேரா ரூட்டர்ல மாட்டிக்கறேனே? சின்ன கேபிள் ஒண்ணு இருக்கு."

பார்த்தீர்களா, பெண் எவ்வளவு தெளிவாகச் சொல்லிவிட்டாள்! அவர் "சரிம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு எழுத எதுவும் இருந்திருக்காது.

"சிஸ்டத்தை எறக்கிட்டா ஃபால்ட்டை எதை வெச்சும்மா கண்டுபிடிக்கறது? நீ மேல போய் லைட்டைப் பாரு. ரெண்டே நிமிஷம்."

இந்த இரண்டு நிமிடத்தைக் கடிகாரத்தில் தேடாதீர்கள். இது நேரத்தின் அளவு அல்ல, மன நிலையின் அளவு.

முதலில் எல்லாவற்றையும் அணைத்துப் போட்டார். தவறில்லை, நானும் அதைத்தான் செய்வேன். பிறகு ஹாலில் இருந்த பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். பின்னால் நகம் அளவு ஒரு சுவிட்ச். அந்த இரண்டு பெட்டிகளில் ஒன்று பேசும் பெட்டியாகவும் மற்றது கேட்கும் பெட்டியாகவும் இருக்க வேண்டும், அதற்காக வைத்த சுவிட்ச் அது. ஹால் பெட்டி பேச வேண்டியது. "இதையும் மாத்தித்தான் பாப்போமே" என்று தள்ளிவிட்டார். ஆக இரண்டும் கேட்கத் தயாராக உட்கார்ந்திருந்தன. பேசத்தான் ஆள் இல்லை.

தள்ளியவர் மாடி விளக்கைப் பார்த்துவரச் சொன்னாரா? இல்லை. அந்த வேகத்திலேயே சமையலறைக்குப் போய்விட்டார்.

சமையலறைச் சாக்கெட் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருந்தது. ஃப்ரிட்ஜை நகர்த்த ஒரு ஆள் வேண்டும், டார்ச் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். இரண்டு ஆளும் ஒரே ஆள்தான், மனைவி.

"இங்க காட்டு. அங்க இல்ல, இங்க."

"இங்கன்னா எங்க? கையால காட்டுங்க."

"ரெண்டு கையும் வேலையா இருக்குல்ல?"

"அப்ப மூக்கால காட்டுங்க."

மூடியைக் கழற்றினார். உள்ளே ஒரு ஒயர் தன் ஸ்க்ரூவை விட்டு வெளியே வந்து நின்றது. வாரக் கடைசியில் கூட்டுவதற்காக ஃப்ரிட்ஜை இழுத்துத் தள்ளியதில் இடிபட்டுத் தளர்ந்து, இன்றைக்குக் கழன்றிருக்கிறது. நோய் இதுதான். வேறு எதுவும் இல்லை. ஒயர் நுனியைச் சுரண்டிப் பளபளப்பாக்கி, ஸ்க்ரூவுக்கு அடியில் வளைத்து, இறுக்கி முடுக்கினார். அழகான வேலை. அப்போது மணி இரண்டு இருபத்தைந்து.

"லைட் வந்துச்சான்னு கேளு!"

மனைவி மாடிப்படிக்கு ஓடிப்போய் நடுப்படியில் நின்று கேட்டுச் சொன்னாள். "எந்த லைட்டுன்னு கேக்கறா."

"பச்சை லைட்டு!"

"எல்லாமே பச்சைதானாம்."

"மேலேருந்து மூணாவது!"

"பெட்டி படுத்துக்கிட்டு இருக்காம். அதுல எது மேலங்கறா."

"ஒயர் இருக்கற பக்கம் கீழ!"

மேலே பெட்டியைத் திருப்பி நிறுத்தும் சத்தம்.

"அந்த லைட்டு எரியலயாம். மணி ரெண்டரையாம், அதையும் சொல்லச் சொன்னா."

எப்படி எரியும்? சமையலறையில் குணமாக்கியதை ஹாலில் அவரே கெடுத்து வைத்துவிட்டு வந்திருக்கிறார். சுவிட்சைத் தொடாமல் ஒயரை மட்டும் சரிசெய்திருந்தால் இந்நேரம் விளக்கு எரிந்திருக்கும், அடுத்த விருந்தாளி வரை அவர் நிம்மதியாக இருந்திருப்பார். இரண்டை ஒன்றாக மாற்றிவிட்டதால் எது மருந்து, எது விஷம் என்று தெரியவில்லை. சுவருக்குள் ஒயர் இழுத்து வயிறு வளர்ப்பவர்கள் முதல் வாரத்திலேயே குட்டு வாங்கிக் கற்றுக்கொள்ளும் பாடம் இது. ஒன்றை மாற்று, பார், பிறகு அடுத்தது. கழற்றிமாட்டியாருக்குக் குட்ட ஆள் இல்லை. வீட்டில் அவர்தான் பெரியவர்.

"அப்ப கிச்சன் சாக்கெட் இல்ல" என்று தீர்ப்புச் சொன்னார். சொன்னதோடு விட்டாரா? சரியாக மாட்டிய ஒயரையும் அதன் ஜோடியையும் பிடுங்கிவிட்டு, அதே கேபிளில் யாருக்கும் உபயோகமில்லாமல் கிடந்த வேறு இரண்டு நிற ஒயர்களை எடுத்து மாட்டினார். "சில சமயம் கலர் மாறி வந்துடும்" என்று விளக்கமும் கொடுத்தார். யாரும் கேட்கவில்லை.

இனி அந்த வீட்டில் நோய் இரண்டு. இரண்டும் அவர் பெற்ற பிள்ளைகள்.

மூன்று மணிக்கு நெட் கம்பெனிக்குப் போன் போட்டார். ஹாலில் இருந்த போனை எடுத்துத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, கை சும்மா இருக்கக் கூடாது என்பதற்காக ஹால் சாக்கெட்டின் மூடியைக் கழற்றத் தொடங்கினார்.

"சார், ரூட்டர்ல லைட் எல்லாம் எரியுதுங்களா?" என்றது ஒரு பெண் குரல்.

"எரியுது."

"கம்ப்யூட்டரை நேரா ரூட்டர்ல மாட்டிப் பாத்தீங்களா சார்?"

"அதெல்லாம் பாத்தாச்சு." கூசாமல் சொன்னார்.

"நடுவுல வேற ஏதாவது பெட்டி மாட்டி இருக்கீங்களா சார்?"

இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்லியிருப்பார் என்பது யாருக்கும் தெரியாது. அந்த நேரத்தில்தான் கை தெருவிலிருந்து வரும் போன் ஒயரைப் பிடித்து இழுத்தது.

"ஹலோ? ஹலோ?" ரிசீவரை முகத்துக்கு நேரே பிடித்து முறைத்தார். "பாத்தியா? பதில் தெரியலன்னா கட் பண்ணிடறாங்க."

"நீங்க இப்ப ஒரு ஒயரைப் புடுங்குனீங்களே, அது என்னது?" என்றாள் மனைவி.

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

அப்புறம் என்ன நடந்தது என்பதை வரிசையாகச் சொல்வது எனக்குச் சிரமம். அவருக்கே வரிசை தெரியாது. மேல் பெட்டி கீழே வந்தது, கீழ்ப் பெட்டி மேலே போனது, பிறகு இரண்டும் ஹாலுக்கு வந்து எது எது என்று அடையாளம் போயிற்று. பழைய செருப்புப் பெட்டியில் சேர்த்து வைத்திருந்த ஒயர்கள் எல்லாம் தரைக்கு வந்தன. மூன்று சாக்கெட்டும் சுவரிலிருந்து நாக்கைத் தள்ளிக்கொண்டு தொங்கின. மகள் இரண்டு முறை இறங்கிவந்து, "அப்பா, நான் கீழயே..." என்று தொடங்கினாள். இரண்டு முறையும் மேலே அனுப்பப்பட்டாள். மூன்று நாற்பதுக்கு அவள் இறங்கிவந்தபோது அவரிடம் எதுவும் கேட்கவில்லை.

"அம்மா, நீ மானிட்டரைத் தூக்கு. நான் மத்ததை எடுத்துக்கறேன்."

மாடிப்படி முடிகிற இடத்தில் மேஜைக்கு அடியில் மல்லாக்கப் படுத்திருந்தவர் தலையை நீட்டினார். "எங்க போறீங்க? இன்னும் ரெண்டே நிமிஷம்..."

"அந்த ரெண்டு நிமிஷம் ஆரம்பிச்சு ஒண்ணேமுக்கால் மணி நேரம் ஆச்சுங்க. காலை மடக்குங்க, மானிட்டர் வருது."

சின்ன கேபிளின் ஒரு முனை ரூட்டரில், மறுமுனை கம்ப்யூட்டரில். வேறு ஒரு வேலையும் இல்லை. நெட் வந்துவிட்டது. "டெம்பரரியா வேணா வெச்சுக்கோ" என்று அனுமதி கொடுத்துவிட்டு அவர் சமையலறைக்குள் போய்விட்டார்.

நான்கு மணிக்குத் திரையில் மூன்று பேர் வந்தார்கள். வீட்டில் சத்தம் போடத் தடை. கத்த முடியாது, தட்ட முடியாது, யாரையும் மேலே அனுப்ப முடியாது. இப்படிக் கையும் வாயும் கட்டப்பட்ட நிலையில், கழற்றிமாட்டியார் அன்றைக்கு முதல் முறையாகச் சும்மா நின்று பார்த்தார். தான் மாட்டிய ஒயரின் நிறமும் மாடிக்குப் போகும் ஒயரின் நிறமும் வேறு வேறாக இருப்பது தெரிந்தது. பழைய ஒயர்களை எடுத்து மாட்டினார். கையோடு எடுத்துவந்திருந்த பெட்டிகளைத் திருப்பினார். இரண்டு சுவிட்சும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்றைத் தள்ளிவிட்டு, மற்றதை மாடியில் கொண்டுபோய் மாட்டினார். அவ்வளவுதான், கண்டுபிடித்துவிட்டார்!

ஆனால் சரியாகிவிட்டதா என்று தெரிய வேண்டுமே? ஹால் பெட்டியை மாட்டி ஒரு முறை அணைத்துப் போட்டால்தான் தெரியும். அதை மாட்டும் எக்ஸ்டென்ஷன் பலகையில்தான் ரூட்டரும் இருந்தது, கம்ப்யூட்டரும் இருந்தது. பலகைக்கு ஒரே ஒரு சுவிட்ச்.

நீங்களாக இருந்தால் அரை மணி நேரம் பொறுத்திருப்பீர்களா?

திரையில் இருந்த மூவரும் அந்தப் பெண்ணின் முதுகுக்குப் பின்னால் ஒரு வழுக்கைத் தலை தவழ்ந்து போவதைப் பார்த்தார்கள். மரியாதைக்கு வேறு பக்கம் பார்த்தார்கள். தலை மேஜைக்கு அடியில் போய் மறைந்தது. பலகையின் சுவிட்சில் கட்டைவிரல் உட்கார்ந்தது. அதே வினாடியில் மேஜையின் மறுபக்கத்திலிருந்து மனைவியின் கை வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தது. அவர் இரண்டு விரலைக் காட்டினார். அவள் தலையை ஆட்டினாள். அவர் ஒரு விரலைக் காட்டினார். அவள் பிடியை இறுக்கினாள்.

"ஒரு லிஃப்ட் நின்னு போச்சு," என்றார் திரையில் நடுவில் இருந்தவர். "நீங்க போறீங்க. முதல்ல என்ன பண்ணுவீங்க?"

"முதல்ல எதையும் தொடமாட்டேன் சார்."

திரையில் யாரோ சிரித்தார்கள்.

"உள்ள ஆள் மாட்டியிருக்காங்களான்னு பாப்பேன். இருந்தா அவங்களை வெளிய கொண்டுவர்றதுதான் முதல் வேலை, ஃபால்ட்டைக் கண்டுபிடிக்கறது அப்புறம். கடைசியா யாரு எதை மாத்துனாங்கன்னு கேப்பேன். அதுக்கப்புறம் ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் மாத்துவேன். மாத்தினதை எழுதி வெச்சுட்டு, என்ன ஆகுதுன்னு பாத்துட்டுத்தான் அடுத்ததைத் தொடுவேன்."

"நல்லா சொல்றீங்களே. இதெல்லாம் காலேஜ்ல சொல்லிக் கொடுத்தாங்களா?"

"இல்ல சார். எங்கப்பாவைப் பாத்துக் கத்துக்கிட்டேன்."

மேஜைக்கு அடியில் கட்டைவிரல் சுவிட்சைவிட்டு மெல்ல எழுந்தது. அதற்குமேல் அவர் அசையவில்லை. பாக்கி இருந்த இருபத்தைந்து நிமிடமும் கணவனும் மனைவியும் மேஜைக்கு அடியில் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர் கண் கலங்கியிருந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

மகளுக்கு வேலை கிடைத்தது. "இன்டர்வியூல என்னைப் பத்தித்தான் சொன்னா" என்று அவர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவள் என்ன சொன்னாள் என்பது அவருக்குப் புரிந்துதான் இப்படிச் சொல்கிறாரா என்று மனைவியிடம் கேட்டேன். "கேட்டுடாதீங்க. கேட்டா கழட்டிக் காட்டுவாரு" என்றாள்.

சரி, சிரித்துவிட்டீர்கள். போவதற்கு முன் ஒன்று மட்டும் சொல்லுங்கள். அந்தச் சுவிட்சைப் பற்றி நான் எழுதியபோது, "அதை அப்படிச் செய்யக் கூடாது, வேறு வழி இருக்கிறது" என்று உங்களுக்குள் ஒரு குரல் கேட்டதா? தொங்குகிற சாக்கெட்டுகளைப் பற்றிப் படித்தபோது, அந்த வீட்டுக்குள் ஒரு ஐந்து நிமிடம் விட்டால் தேவலை என்று விரல் துறுதுறுத்ததா? அப்படியென்றால் இந்தப் பக்கத்தை உங்கள் வீட்டில் இருப்பவர்களிடம் காட்ட வேண்டாம். அவர்கள் உங்களுக்கு முன்பே படித்தாயிற்று. ஓரத்தில் பென்சிலால் எழுதியிருப்பது யார் பெயர் என்று பாருங்கள்.