தரகர் தர மறுத்த சக்தி

உலகங்களைப் படைத்தவர்களிலேயே மகா கஞ்சர் யாரென்று என்னைக் கேட்டால், எங்கள் தரகரைத்தான் சொல்வேன். தொழில் மாட்டுத் தரகு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடவுள் வேலை. தேனி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மூடிக்கிடக்கும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் மாடியில் அவருடைய உலகம் வாரம் ஒருமுறை சுற்றும். நாங்கள் நான்கைந்து பேர் அதில் குடிமக்கள்.

விளையாட்டு இதுதான். பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்துகொண்டு, அடுத்து என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். இன்சூரன்ஸ் ஏஜென்டான நான் அங்கே வாள்வீரன். வெட்டுவேன் என்று நான் சொல்லலாம், வெட்டு விழுந்ததா என்று பகடைதான் சொல்லும். குமுளிப் பக்கம் ஏலக்காய் எஸ்டேட்டுக்கு மாடு விற்கப் போன தரகர், அடைமழையில் மாட்டிக்கொண்டு, அங்கிருந்த மலையாளிப் பையன்களிடம் இதைக் கற்றுக்கொண்டு இறங்கினார். கூடவே பகடைகளையும் கொண்டுவந்துவிட்டார். விலை படியாத மாட்டுக்கு ஈடு என்று காரணம் சொன்னார்.

அவர் நாட்டில் மந்திரவாதிகளுக்குக் குறைவில்லை. நெருப்பை வீசுகிறவன், கல்லைத் தவளையாக்குகிறவன் எல்லாம் வீதிக்கு வீதி உண்டு. ஆனால் அடுத்தவர் மனசில் இருப்பதை அறிகிற சக்தி மட்டும் ஒரே ஓர் ஆளுக்குத்தான் கிடைக்குமாம். அந்த ஆள் இன்னும் பிறக்கவில்லையாம். மூன்று பகடையும் ஆறு விழுந்தால் பார்க்கலாம் என்பார். ஒருமுறை எனக்கு விழுந்தே விட்டது. “மேசை ஆடுச்சு” என்று பகடையை வாரிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“ஏண்ணே இவ்வளவு கருமித்தனம்?” என்றேன்.

“ஏலே, வாங்குறவன் மனசு விக்கிறவனுக்குத் தெரிஞ்சா, நடுவுல நான் எதுக்கு? எம்பொழப்பு போனது போக, நாடே நாறிப்போகும்லே.”

“நம்ம ஊர்ல எத்தனை பேருக்கு இருக்கு!”

“அதான் சொல்றேன். இங்கன தெருவுக்கு நாலு பேர் இருக்காக. என்னத்த வெளங்குச்சு?”

அவர் சொன்னதில் தப்பில்லை. எங்கள் பள்ளத்தாக்கில் முகம் பார்த்துச் சொல்கிறவர், வெற்றிலை பார்த்துச் சொல்கிறவர், செல்போன் நம்பரைக் கூட்டிச் சொல்கிறவர் என்று எல்லோரும் எல்லாமும் அறிந்தவர்கள். குச்சனூருக்குச் சாமி கும்பிடப் போனால், கோயிலுக்குள் நுழைவதற்கு முன்பே நம் கஷ்டம் மூன்று பேருக்குத் தெரிந்துவிடுகிறது. அப்படி அங்கே குறி சொல்லும் ஒருவரே, கேள்விப்பட்டு எங்கள் ஆட்டத்துக்கு வந்தார். நேராக அந்தச் சக்தியைக் கேட்டார். உருட்டினார். ஒன்று, மூன்று, ஒன்று. தரகர் அவரை எருமை மேய்ப்பவராக ஆக்கினார்.

“நெசத்துல எனக்கு இருக்குண்ணே!”

“நெசத்துல இருந்துட்டுப் போகட்டும். ஆட்டத்துல இல்ல. என்ன விழும்னு தெரியாமத்தான உருட்டுன?”

அவர் இரண்டு வாரம் எருமை மேய்த்துப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார்.

எங்களில் வில்லாளியாக இருந்தவர் ஜெசி அக்கா. தேனி பஜாரில் பருத்திக்கொட்டை, புண்ணாக்குக் கடை அவர்களுடையது. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சும் போனதிலிருந்து, கடையையும் அப்பாவையும் அக்காதான் பார்க்கிறார். ஞாயிறு ஆராதனை முடிந்து, அப்பாவுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு வருவார். இரண்டு மணி நேரம் அம்பு விடுவார். திரும்பிப் போய்விடுவார்.

சித்திரையில் ஒரு நாள், எதிரில் டிராகன் வாயைப் பிளந்து நிற்கிறது. அக்கா வில்லை எடுக்கவில்லை.

“தரகரண்ணே, எனக்கு அந்தச் சக்தியக் குடுங்க.”

“உருட்டு ஆத்தா.”

“உருட்டமாட்டேன். சும்மா குடுங்க. வீட்டுல எங்கப்பா கண்ணத் தொறந்து மோட்டுவளையப் பாத்துட்டே இருக்காக. நான் யாருன்னு தெரியுதா, நாங்க பேசுறது புரியுதா, ஒண்ணும் தெரியல. டாக்டரும் சொல்ல முடியாதுங்குறாக. இங்கனயாச்சும் ஒருத்தர் மனசுல என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கிறேனே.”

தரகர் பகடையை அவர் பக்கம் தள்ளினார். அக்கா உருட்டினார். ஒரு ஆறுகூட விழவில்லை.

“இல்ல தாயி” என்றார் தரகர்.

அந்த நிமிஷம் அவரை மாடியிலிருந்து தள்ளிவிடலாம் என்றிருந்தது எனக்கு. அக்கா பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். “இனி நான் வரல. அங்க ஜெபம் பண்ண அப்பா கையப் புடிச்சா, போர்வைக்குள்ள என் விரல விரலப் புடிச்சுப் புடிச்சு விடுறாக. நரம்புத் துடிப்பாம். அதயே பாத்துட்டு உக்காந்திருக்கேன்.”

“எந்த விரல?” என்றார் தரகர்.

“என்னது?”

“எந்தெந்த விரல ஆத்தா? உங்கப்பா மாட்டுச் சந்தையில கடை போட்ட ஆளுல்ல?”

பதிலுக்குக் காத்திருக்காமல் படியிறங்கிவிட்டார். டிராகன் திறந்த வாயோடு நின்றது. நாங்களும் பின்னாலேயே ஓடினோம்.

மாட்டுச் சந்தையில் யாரும் விலையை வாயால் சொல்வதில்லை. கைகளின் மேல் துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள். எத்தனை விரலைப் பிடிக்கிறார்களோ அத்தனை எண்ணிக்கை. வேண்டாம் என்றால் கையை உதறுவார்கள். அக்கா வீட்டில் தரகர் கட்டிலருகே உட்கார்ந்து, பெரியவரின் நல்ல கையைப் பிடித்து, மேலே தன் துண்டைப் போட்டார். பிறகு சந்தையில் பார்ப்பது போலவே, சம்பந்தமே இல்லாமல் ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்தார். துண்டு அசைந்துகொண்டே இருந்தது. ஜெசி அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

தரகர் திரும்பினார். “ரெண்டு. அப்பறம் அஞ்சும் ரெண்டும் ஏழு. இருவத்தேழுல நிக்காரு. நானும் முப்பதுக்கு ஏத்திப் பாத்தேன், கைய உதறுறாரு. பிடிச்ச பிடிய விடல. ஆனா என்ன மாடுன்னுதான் எனக்கு வெளங்கல.”

அக்காவுக்கு விளங்கிவிட்டது. தலைமாட்டிலிருந்த பாட்டுப் புத்தகத்தை எடுத்தார். எங்கள் ஊர் சர்ச்சில் பாட்டை நம்பர் சொல்லித்தான் பாடுவார்கள். அவர் படுத்த தை மாதத்திலிருந்து சபையார் தினமும் சாயங்காலம் அந்தக் கட்டிலைச் சுற்றி நின்று, நோயாளிக்கான பாட்டாகத் தேடித் தேடிப் பாடியிருக்கிறார்கள். பாதி, சாவு வீட்டுப் பாட்டு. இருபத்தேழு, கிறிஸ்துமஸ் பாட்டு. கொட்டு தட்டிப் பாடுவது.

சித்திரை வெயிலில் ஜெசி அக்கா கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடினார். பெரியவரின் வாய் ஒரு பக்கமாகக் கோணிச் சிரித்தது. “அப்பாவுக்கு எல்லாம் புரியுதுண்ணே! இவ்வளவு நாளும் புரிஞ்சிருக்கு!” என்று அக்கா பாட்டின் நடுவிலேயே அழுதார். நானும் அழுதேன். மறைக்க ஒன்றுமில்லை.

“உங்களுக்குத்தாண்ணே அந்தச் சக்தி இருக்கு” என்றார் அக்கா.

தரகருக்குக் கோபம் வந்துவிட்டது. “சும்மா இரு தாயி. கையில வந்த நம்பரச் சொன்னேன். பாட்டக் கண்டேனா நான்?”

மறுவாரத்திலிருந்து ஆட்டம் அக்கா வீட்டுக்கு மாறியது. பெரியவரும் ஆடுகிறார். என்ன செய்யப்போகிறார் என்பதைத் துண்டுக்குள் தரகரிடம் மட்டும் சொல்வார். முதல் நாளே தரகர் தொண்டையைச் செருமிக்கொண்டு அறிவித்தார்: “மனசறியுற ஆளு நாட்டுல பொறந்துட்டாரு. இவருதான்.”

ஜெசி அக்கா இடுப்பில் கை வைத்தார். “நான் கெஞ்சுனப்ப குடுக்கல. எங்கப்பாக்கு மட்டும் உருட்டாமயே குடுத்துட்டீகளா?”

“உருட்டுனாரு. மூணும் ஆறு.”

“எப்ப?”

“துண்டுக்குள்ள. உனக்குத் தெரியல.”

தரகு வியாபாரத்தில் அவர் எத்தனையோ பொய் சொல்லியிருப்பார். இந்த ஒன்றுக்காக, எனக்குத் தெரிந்த சாமி எல்லாரிடமும் அவருக்காகச் சொல்லி வைத்திருக்கிறேன்.