ஏச்சு வாங்கிய டிரஸ்ஸர்

மலாயாவில் லாபிஸ் தொடங்கி தெப்ராவ் வரைக்கும் உள்ள அத்தனை தோட்டத்துக் கங்காணிகளும் சேர்ந்து ஒரு வருஷம் முழுக்க வாங்குகிற ஏச்சை, காலைக் காப்பிக்கு முன்னால் ஒற்றை ஆளாக நின்று வாங்கக்கூடியவர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்தார். அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. புண்ணுக்குக் கட்டுப்போட்டு நோயாளிகளைக் கவனிக்கிற டிரஸ்ஸராக அவர் இருந்த ஆஸ்பத்திரியில் யாருக்குமே தெரியாது என்றுதான் நினைக்கிறேன். கூட்டிப் பெருக்குகிறவரிலிருந்து வெள்ளைக்காரப் பெரிய டாக்டர் வரை எல்லாருக்கும் அவர் 'ஏச்சு டிரஸ்ஸர்'. டாக்டர் மட்டும் கொஞ்சம் மரியாதை சேர்த்து 'மிஸ்டர் ஏச்சு' என்பார்.

ஜப்பான்காரன் வருவதற்கு மூன்று நான்கு வருஷம் முந்திய கதை இது. நான் அப்போது லாபிஸ் ரயில் நிலையத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. தண்டவாள டிராலியில் ஓசிச் சவாரி போன இடத்தில், வளைவில் கீழே விழுந்து தொடையை முறித்துக்கொண்டேன். ஜோகூர் பாருவில் ஓர் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்க் கிடத்தினார்கள். என் வார்டில் என்னைத் தவிர எல்லாருமே அறுபதைத் தாண்டியவர்கள். எல்லாருக்குமே இடுப்பு எலும்பு முறிவு. இடுப்பைக் கீறி, முறிந்த எலும்பில் ஆணி இறக்கி இணைக்கிற வைத்தியம் அப்போதுதான் சீமையிலிருந்து புதிதாக வந்திருந்தது. அதைக் கேட்டதிலிருந்து எனக்கு என் தொடையைப் பற்றிய கவலையே போய்விட்டது.

முதல் நாள் காலை. வெள்ளை டிரில் கால்சட்டையில், நெட்டையாக ஒரு மனிதர் என் கட்டிலுக்கு எதிரில் வந்து நின்றார்.

"என்னா கிராணி, ரயில் தெனம் லேட்டா வர்றதுக்கு நீங்கதான் காரணமாமே? டிக்கெட்ட எண்ணத் தெரியாம வெரலை விட்டு எண்ணுவீங்களாம்?"

வலியோடு கிடக்கிறவனிடம் கேட்கிற கேள்வியா இது? எனக்கு வந்ததே கோபம். அவர் பாட்டன் பூட்டன் வரைக்கும் ஒருவரையும் விடாமல் இழுத்து ஐந்து நிமிஷம் ஏசித் தீர்த்தேன். மனிதர் கண்ணை மூடி, தலையை ஆட்டி ரசித்துக் கேட்டார். நான் மூச்சு வாங்க நிறுத்தியதும், கட்டில் காலடியில் தொங்கிய சிலேட்டில் 'நீட்டு' என்று எழுதினார். "ரொம்ப நன்றிங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அடுத்த கட்டிலில் ஓய்வுபெற்ற கங்காணி ஒருவர். "கங்காணி, உங்க மீசைய கரப்பான்பூச்சி தின்னுட்டுப் போன மாதிரி இருக்கு லா!" என்றார் டிரஸ்ஸர். அன்றைக்கு நான் கேட்ட ஏச்சை அச்சில் போட்டால் இந்தப் பத்திரிகையைப் பூட்டிவிடுவார்கள். நான் ஏசியது அதற்கு முன்னால் ஆரம்பப் பாடம். அங்கேயும் சிலேட்டில் 'நீட்டு'. மலாய்க்கார முதியவர் ஒருவரின் டுரியான் மரத்தைக் குறை சொல்லி மலாயில் வாங்கிக்கொண்டார். சீனக் கிழவர் ஒருவரிடம் ஹொக்கியனில் வாங்கிக்கொண்டார். "உங்களுக்கு அந்தப் பாஷை புரியுமா?" என்று கேட்டேன். "எதுக்குப் புரியணும்? நீளம் தெரிஞ்சா போதும்" என்றார்.

பைத்தியம் என்று முடிவு கட்டினேன். மறுநாள் அந்த முடிவு தவிடுபொடியானது. கங்காணியிடம் மீசைப் பேச்சை எடுத்தபோது அவர் "போடா" என்று மட்டும் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். டிரஸ்ஸரின் முகம் மாறிவிட்டது. சிலேட்டில் 'குட்டை' என்று எழுதினார். ஓட்டமாக ஓடி டாக்டரைக் கூட்டிவந்தார். ஊசி போட்டார்கள். அரை மணி கழித்துக் கங்காணி டிரஸ்ஸரைத் தானாகவே கூப்பிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.

"வலிக்குதான்னு கேட்டா எந்தப் பெரியவரும் ஆமான்னு சொல்ல மாட்டாரு, கிராணி" என்று அப்புறம் டிரஸ்ஸர் எனக்கு விளக்கினார். "முப்பது நாப்பது வருஷமா, தொரை கேட்டா 'இல்லீங்க'ன்னு சொல்லிப் பழகின வாயி. ஆனா ஏசுறதுக்கு மூச்ச இழுக்கணும், வவுத்த எக்கணும், ஒடம்பு ஆடணும். இடுப்புல வலி இருந்தா முடியுமா? ஏச்சு தன்னால குட்டையாயிடும்."

"வலியைப் பொறுத்துக்கிட்டா என்ன?"

"பொறுத்துக்கிட்டா அசையாம கெடப்பாங்க. அசையலைன்னா நெஞ்சுல சளி கட்டும். போன மாசம் ஒருத்தர் வலியே இல்லன்னு சிரிச்சிக்கிட்டே கெடந்தாரு. ஆணி நல்லா இருந்துச்சு. ஆளுதான் போயிட்டாரு."

நான் வாயைப் பிளந்தேன். மருத்துவப் புத்தகம் எதிலும் இல்லாத ஒன்றை, தன் பாட்டன் பூட்டனைப் பந்தயம் வைத்து இந்த மனிதர் கண்டுபிடித்திருக்கிறாரே என்று அன்று முழுக்க அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்படிப்பட்டவருக்கும் சோதனையாக ஒருவர் வந்து சேர்ந்தார். யோங் பெங் பக்கத்துத் தோட்டத்தில் மாட்டுவண்டி ஓட்டிய பெரியவர். மாட்டைக்கூட "கொஞ்சம் நகருங்க ஐயா" என்று சொல்லி ஓட்டியவராம். வந்த அன்றே வார்டில் ஒருவர் விடாமல் நலம் விசாரித்தார். டிரஸ்ஸரிடம் வீட்டுக்காரம்மா, மூன்று பிள்ளைகள், அவருடைய இருமல், கோழிகள் என்று வரிசையாகக் கேட்டார். டாக்டரைக்கூட விடவில்லை. "சீமையில அம்மா சொகமா இருக்காங்களா தொரை? காயிதம் வந்துச்சுங்களா?" என்றார். தமிழ் ஓரளவு தெரிந்த டாக்டர் சிவந்துபோய், "வந்தது, வந்தது" என்றார்.

ஆணி இறக்கிய மறுநாள் டிரஸ்ஸர் தன் வேலையைத் தொடங்கினார். "என்னா பெரியவரே, உங்க மாடுங்க எலும்பும் தோலுமா இருக்காமே? தீனிய நீங்களே தின்னுட்டீங்களா?"

"இருக்கும்ங்க ஐயா. இன்னும் நல்லா பாத்திருக்கணும் நானு."

டிரஸ்ஸர் அவருடைய ஊரை இழுத்தார், சமையலை இழுத்தார், தலைப்பாகையை இழுத்தார். எதைச் சொன்னாலும் "நீங்க சொன்னா சரிதாங்க ஐயா." சிலேட்டில் எழுத ஓர் எழுத்துகூடக் கிடைக்கவில்லை. "அலமாக்! என் வாழ்க்கையில இப்படி ஒரு ஆளப் பாக்கல கிராணி" என்று என் கட்டில் ஓரத்தில் தொப்பென்று உட்கார்ந்தார். வார்டே பெரியவருக்கு ஏசச் சொல்லிக்கொடுத்தது. கங்காணி சில நல்ல சொற்களை இரவல் தருவதாகக்கூடச் சொன்னார். பெரியவர் காதைப் பொத்திக்கொண்டார்.

மூன்றாம் நாள் அவரை உட்காரவைக்க வேண்டும். கிட்டே போனாலே கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டார். நெற்றியெல்லாம் வியர்வை. ஆனால் வாய் மட்டும் "ஒரு நோவும் இல்லீங்க" என்றது. பக்கத்துக் கட்டில் என்னுடையது. மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன்.

"எங்க தோட்டத்துல நோவுதுன்னு சொன்ன ஆளையெல்லாம் வேலைக்கு ஒதவமாட்டான்னு ஊருக்குக் கப்பல் ஏத்திட்டாங்க தம்பி" என்றார். "என் வீட்டுக்காரிய யோங் பெங்லதான் பொதைச்சிருக்கேன். அவள வுட்டுட்டு நான் எங்க போவேன்? எனக்கு ஒரு நோவும் இல்ல."

அதை டிரஸ்ஸரிடம் சொன்னேன். வயதானவர்களுக்கு அந்த வலி ஊசி மருந்து கொஞ்சம் கூடினாலும் மூச்சை அமுக்கிவிடும். வலி இல்லை என்கிறவருக்கு டாக்டர் ஊசியைத் தொடமாட்டார். டிரஸ்ஸர் பெரியவரின் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். முதல் தடவையாக அந்த வாயிலிருந்து கேலியே வரவில்லை. சும்மா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வாங்க ஐயா" என்றார் பெரியவர். கொஞ்ச நேரம் கழித்து, "வீட்ல சொகமா?" என்றார். அவ்வளவுதான்.

டிரஸ்ஸர் துள்ளி எழுந்தார். சிலேட்டை எடுத்து 'குட்டை' என்று பெரிதாக எழுதினார்.

பத்து மணிக்கு டாக்டர் வந்தார். "வலிக்குதா?" என்று கேட்டார். "இல்லீங்க தொரை" என்றார் பெரியவர். டாக்டர் டிரஸ்ஸரைத் திரும்பிப் பார்த்தார்.

"சார், மொத நாள் என் பொண்டாட்டி, புள்ளைங்க, இருமல், கோழி எல்லாத்தையும் விசாரிச்சாரு. நேத்து கோழி போச்சு, இருமல் போச்சு. இன்னைக்கு புள்ளைங்களும் போச்சு. இந்த மனுசனுக்கு ஏச்சு வராது சார், மரியாததான் வரும். அது கொறைஞ்சிகிட்டே வருது."

டாக்டர் சிரித்தார். சிரித்தபடியே பெரியவர் பக்கம் திரும்பியவருக்குச் சட்டென்று சிரிப்பு நின்றது. நாங்கள் எல்லாரும் காத்திருந்தோம். டாக்டரும் காத்திருந்தார்.

"இன்னைக்கு என் அம்மாவைப் பத்திக் கேட்கலை" என்றார் டாக்டர் மெல்ல.

மருந்து அலமாரிச் சாவியைச் சட்டைப் பையிலிருந்து அவரே எடுத்தார். சின்ன அளவில் ஊசி போட்டார். டிரஸ்ஸர் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பெரியவரின் மூச்சை ஒவ்வொன்றாக எண்ணினார். வார்டில் ஒருவரும் இருமக்கூட இல்லை. அரை மணி நேரம் கழித்து இருவர் தாங்கிப் பிடிக்க, பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துவிட்டார். சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார்.

"தொரை, அம்மாகிட்டேர்ந்து காயிதம் வந்துச்சுங்களா?"

கங்காணி போர்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மற்றவர்களின் முகத்தை நான் பார்க்கவில்லை. என் கண்ணும் சரியாகத் தெரியவில்லை. டாக்டர் அங்கேயே காகிதம் வாங்கி, இவர் நடப்பார், வண்டி ஓட்டுவார், எங்கும் அனுப்ப வேண்டியதில்லை என்று தோட்டத்துக்கு எழுதினார். பத்து வாரம் கழித்துப் பெரியவர் கோல் ஊன்றி நடந்து, யோங் பெங்குக்கே திரும்பிப் போனார். டிரஸ்ஸர் அதற்குள் புதிதாக வந்த ஒரு கணக்கப்பிள்ளையிடம் வயிறாற வாங்கிக்கொண்டிருந்தார்.

போன மாதம் நான் குளியலறையில் விழுந்தேன். இப்போது எனக்கும் அதே இடுப்பு, அதே ஆணி. நல்ல ஆஸ்பத்திரி. நர்ஸ் தங்கமான பெண். "தாத்தா, வலிக்குதா?" என்று கேட்டாள். "இல்லம்மா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அந்தப் பெண் நம்பிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். அப்படிச் சொன்னால் நம்பவே நம்பாத அந்த மனிதர் வருகிறாரா என்று அன்று முழுக்க வார்டு வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தேன்.